ஐஸ் லாரியில் ஒரு பென்குயின்

ஊரில் அவருக்கு ஆபத்பாந்தவர் என்று பெயர். வைத்தவர்கள் மரியாதைக்காக வைக்கவில்லை. மீன் இறங்குதுறைக்கு ஐஸ் கொண்டுபோகும் லாரியை ஓட்டுவதுதான் அவர் வேலை. ஆனால் வழியில் யாராவது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் போதும், லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடுவார். கேட்காமலே உதவுவார், வேண்டாம் என்றாலும் உதவுவார். பக்கத்து வீட்டில் ஒழுகாத குழாயைச் சரிசெய்து ஒழுக வைத்த புண்ணியவான். நல்ல மனசும் சும்மா இராத கையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அக்கம்பக்கம் படும் பாடு கொஞ்சமல்ல.

அவர் மனைவிக்குப் பென்குயின் கூடுகளைக் காக்கும் வேலை. பென்குயின் என்றதும் பனிப்பாறை நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடலாம். இந்தக் கரையின் பென்குயின்கள் பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்து, கடலுக்கும் சாலைக்கு மேலே உள்ள புதர்ச் சரிவுக்கும் நடையாய் நடப்பவை. முன்பு சரிவு முழுக்கக் கூடுகள் இருந்தன. பெரிய வலைகள் கடலை வழித்தெடுத்த பிறகு, பசியில் ஒவ்வொன்றாகக் கூட்டைக் கைவிட்டுப் போயின. இந்தப் பருவத்தில் குஞ்சு மிஞ்சியது ஒரே கூட்டில்தான். இரண்டு குஞ்சுகள். தாயும் தகப்பனும் முறை வைத்து, ஒன்று காவலிருக்க மற்றது மீன் பிடிக்கப் போகும். காவல் எழுந்துவிட்டால் கடற்காக்கை குஞ்சைத் தூக்கிவிடும்.

இதையெல்லாம் மனைவி தினமும் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். அவரும் உம் கொட்டியிருக்கிறார், நாற்காலியின் ஆடும் காலைப் பார்த்துக்கொண்டே.

அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கடலோரச் சாலையைக் கடந்துகொண்டிருந்த பென்குயின் ஒன்று நடுவில் நின்று, வாயைப் பிளந்து மூச்சிரைத்தது. ஆபத்பாந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டையைக் கழற்றிப் பறவைமேல் போட்டு அமுக்கினார். கையில் இரண்டு கொத்து வாங்கினார். அப்படியே கொண்டுபோய் லாரியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தார். இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். குரலில் பெருமை வழிந்தது.

"உன் பென்குயின் ஒண்ணைக் காப்பாத்திட்டேன். மூச்சு விட முடியாம நின்னுச்சு. லாரியில வேற வாந்தி எடுத்துச்சு. இப்ப ஐஸுக்கு நடுவுல ராஜா மாதிரி உக்காந்திருக்கு."

மனைவி கேட்டாள்: "நெஞ்சுல புள்ளி எப்படி இருக்கு?"

ஒவ்வொரு பென்குயினுக்கும் நெஞ்சில் புள்ளி வேறு மாதிரி இருக்கும். அதை வைத்துத்தான் அவள் ஆளை அடையாளம் சொல்வாள்.

"மூணு இருக்கு. ஒண்ணு மட்டும் தள்ளி, தோள்கிட்ட."

"அந்தக் கூட்டோட அப்பன்தாங்க அது. வெயில்ல அது அப்படித்தான் மூச்சு விடும். நீங்க சொல்றது வாந்தி இல்ல. குஞ்சுங்களுக்கு வயித்துல வச்சுக் கொண்டுபோன சாப்பாடு. பயந்து கக்கியிருக்கு."

அவர் லாரிக்குள் திரும்பிப் பார்த்தார். ஐஸ்மேல் பாதி செரித்த மீன்கள் கிடந்தன.

மனைவி வந்து, பறவையை அவர் பிடித்த அதே சாலையோரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அது சரிவைப் பார்த்தது, கடலைப் பார்த்தது, கடலுக்கே திரும்பிப் போனது. வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய் என்ன செய்யும்?

"நான் மத்தி மீன் வாங்கிட்டு வரேன். கூட்டுல போட்டுடலாம்" என்றார்.

"குஞ்சு அப்பன் ஆத்தா தொண்டையில இருந்துதான் சாப்பிடும். நீங்க பக்கத்துல போனா உக்காந்திருக்கிற தாயும் எந்திரிச்சு ஓடிடும். தயவுபண்ணி ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. மறுநாள் ஐஸ் ஏற்றப் போகாமல், சரிவுக்குக் கீழே லாரியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். புதருக்குள்ளிருந்து குஞ்சின் கத்தல் சாலைவரை கேட்டது. ஒரு குரல்தான் கேட்டது. விடியற்காலையில் சின்னது செத்துப்போய்விட்டது என்று மனைவி சுருக்கமாகச் சொன்னாள். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பட்டினி கிடந்த தாய் இரண்டு முறை எழுந்து கடலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் லாரிக் கதவைத் திறக்கப்போய், திறக்காமல் விட்டார்.

மாலை வெயிலில் அந்த மூன்று புள்ளிக்காரர் தண்ணீரைவிட்டு வெளியே வந்தார். வயிறு புடைத்திருந்தது. ஆபத்பாந்தவர் லாரியைக் கிளப்பிச் சாலைக்குக் குறுக்கே போட்டார். பின்னால் ஹாரன்கள் அலறின. பறவை நிதானமாக வந்தது, நடுச்சாலையில் நின்றது, வாயைப் பிளந்து மூச்சிரைத்தது. பிறகு எதிர்ப்பக்க ஓரக்கல்லில் ஏறப்போய் முகங்குப்புற விழுந்தது.

காரிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். "பாவங்க அது, தூக்கி விடுங்க."

"தொடாதீங்க" என்றார் ஆபத்பாந்தவர், அவருக்குக் குறுக்கே நின்று. "அது பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகுது. நாம சும்மா இருந்தா போதும்."

சொல்லிவிட்டாரே தவிர, கைகள் துடித்தன. இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டார். பறவை மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை எப்படியோ தொற்றிக்கொண்டு ஏறிப் புதருக்குள் போனது.

மனைவி சரிவிலிருந்து இறங்கிவந்து பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து ஓயாத கத்தல் சட்டென்று நின்றது. அவருக்குப் பகீரென்றது.

"என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம். அதுவும் போயிடுச்சா?"

"வாய் நிறைய சாப்பாடு இருக்கும்போது எப்படிங்க கத்தும்?" என்றாள் அவள்.