கேட்டுக்கொண்டிருந்த புரொசீஜர்

நான் செய்த வேலைக்காக அலுவலகத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

எங்களுடையது மருந்துக் கிடங்கு. சரக்கு வருவது, போவது, குளிர் அறையின் சூடு என்று எல்லாவற்றையும் கவனிக்கும் புரோகிராம், ஒரு பழைய வியாபார மொழியில் எழுதப்பட்டது. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அந்த மொழியில் ஒரு புரொசீஜரை, அதாவது ஒரு வேலையைச் செய்ய எழுதிய சின்னத் துண்டை, இரண்டு விதமாகக் கூப்பிடலாம். வந்த வேலையை முடித்துவிட்டுப் போ என்று கூப்பிடலாம். வந்து இங்கேயே இரு என்றும் கூப்பிடலாம். இரு என்று சொன்னதை யாராவது போகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது மெமரியை விட்டு நகராது. எனக்கு முன்னால் இருந்த மகராசர்கள் பதினைந்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தரும் எதையும் போகச் சொல்லவில்லை. கிளார்க் ஸ்கிரீனை மூடிவிட்டு டீ குடிக்கப் போவார். அதன் புரொசீஜர் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மெஷின் மூச்சு முட்டி நின்றுவிடும்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தக் கூத்து?" என்று மேனேஜர் என் மேஜையைத் தட்டினார்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மணிக்கு ஒரு தடவை மெமரியில் இருப்பதையெல்லாம் வரிசையாகப் பார், திறந்த ஸ்கிரீன் இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் அழி. சோதித்துப் பார்த்தபோது வரிசையில் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டெழுத்தும் ஓர் எண்ணும்தான் அதன் பெயர். மெஷின் எழும்போதே வந்து உட்கார்ந்துவிடுகிறது, ஸ்கிரீன் என்று ஒன்று அதற்கு எப்போதும் இருந்ததில்லை. எதற்கு எழுதியது என்று ஒரு வரி குறிப்புகூட இல்லை. திறந்து படித்திருக்கலாம். மொத்தமே இருபது வரிதான்.

"போய்த் தொலை, சனியனே" என்றேன். வாய்விட்டே சொன்னேன். அழித்த பிறகும் எந்தப் பிழையும் வரவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு மெஷின் பறந்தது, கிளார்க்குகள் கைதட்டினார்கள்.

குளிர் அறைக்குப் பொறுப்பு என் அக்கா புருஷன். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையோடு திரிவதால் கிடங்கில் அவருக்குப் பனிக்கரடி என்று பெயர். குளிர் மெஷின் நின்று உள்ளே சூடு ஏறினால், புரோகிராம் அவர் வீட்டு ஃபோனுக்கு அடிக்கும். கட்டிலை ஒட்டி வைத்திருக்கும் பழைய ஒயர் ஃபோன். எட்டு வருஷத்தில் பதினான்கு தடவை அடித்திருக்கிறது. பதினான்கு தடவையும் பத்து நிமிஷத்தில் சைக்கிளில் வந்து நின்றிருக்கிறார், ஒரு தடவை பாதி முகத்தில் சவர நுரையோடு. அவரிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

நான் அழித்த ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தான் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அன்றைக்குப் பார்த்துக் குளிர் மெஷின் நின்றது. திங்கள் காலை அவர் கதவைத் திறந்தபோது, எட்டைத் தாண்டக் கூடாத அறைக்குள் பத்தொன்பது டிகிரி. குழந்தைகளின் தடுப்பூசி, இன்சுலின் எல்லாம் குப்பைக்குப் போயின.

"ஃபோன் அடிக்கவே இல்ல சார்" என்றார் அத்தான்.

மேனேஜர் என்னை மெஷினின் பதிவை எடுத்துவரச் சொன்னார். நானே அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். ஞாயிறு, மத்தியானம் 1.12, எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அத்தான் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். "தூங்கிட்டேன்னு சொல்லித் தொலைங்களேன் அத்தான்! எதுக்கு மெஷின் மேல பழியைப் போடறீங்க?"

"படுத்தேன் குட்டி, இல்லேங்கல. ஆனா அது அடிச்சா நான் எந்திரிச்சிடுவேனே."

"என் மெஷின் பொய் சொல்லாது."

அவர் அந்த ஒயர் ஃபோனைப் பார்த்தார். "அப்படின்னா நான்தான் கேக்கல போல" என்றார். தூங்கிவிட்டேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயம் போலீஸ் வரை போகாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாசகத்தை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மறுநாள் வேலை போயிற்று.

அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், அவ்வளவுதான். "எத்தனை பச்சைப் பிள்ளைங்களுக்கான மருந்துடி" என்று என்னிடம் மட்டும் அழுதாள். அத்தான் காது டாக்டரிடம் போனார். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதும் மனுஷனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. செவிடு என்றாவது சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, அவர் இடத்துக்கு வந்த புது ஆள் என்னிடம் வந்தார். "சூடு ஏறினா எனக்கு ஃபோன் வருமாமே, ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க மேடம்" என்றார். பொய்யாக ஒரு சூட்டைக் கொடுத்தேன். எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்று பதிவு வந்தது. அவர் செல்ஃபோன் சும்மா இருந்தது.

புரோகிராமில் எச்சரிக்கை அனுப்பும் இடத்தைத் திறந்து படித்தேன். முதலில் பதிவை எழுதுகிறது, பிறகு சேதியைப் பொதுவாகக் கூவுகிறது. மெமரியில் இருப்பவற்றில் எது அந்தச் சேதிக்காகக் காத்திருக்கிறதோ அது கேட்டுக்கொண்டு ஃபோனை அடிக்க வேண்டும். காத்திருக்க ஒன்றுமே இல்லாவிட்டால் எங்கள் மொழியில் அது பிழை இல்லை. கூவும், போய்விடும். கேட்பதற்கென்று அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஸ்கிரீன் இல்லை. என்ன ஸ்கிரீன் வேண்டும் அதற்கு, காது மட்டும் போதுமே! பாவி, நான் அதைத்தான் சனியன் என்று சொல்லி அழித்திருக்கிறேன்.

அழிக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டு அதன் பெயரை எழுதினேன். அதைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடியும் பொய்ச் சூட்டைக் கொடுத்தேன்.

"இப்பவும் வரலியே மேடம்" என்றார் புது ஆள்.

அப்போதுதான் அந்த இருபது வரியைத் திறந்தேன். ஒன்பதாவது வரியில் ஒரு ஃபோன் நம்பர் இருந்தது. எனக்கு மனப்பாடமான நம்பர். அக்கா வீட்டு நம்பர்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே வாசல் கேட்டில் சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு, கம்பளிச் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அத்தான் நின்றார். காவலாளி அவரை மறித்துக்கொண்டிருந்தார்.

"தொறய்யா! உள்ள சூடு ஏறுது, மருந்து கெட்டுடும்யா!"

"உங்களை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுங்க."

நான் படியிறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் பளிச்சென்று ஆனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கிறேன் அந்த முகத்தை. "குட்டி, இன்னிக்கு அடிச்சுது! தூங்கிட்டுத்தான் இருந்தேன், மொத மணியிலயே எந்திரிச்சு எடுத்துட்டேன். கேட்டுச்சு எனக்கு!"

"இது சும்மா, அத்தான். நான்தான் டெஸ்ட் பண்ணேன்."

"டெஸ்டா?"

மேலே ஜன்னலில் மேனேஜர் நின்றிருந்தார். நிற்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அன்னிக்கு ஃபோன் அடிக்கல அத்தான். அடிக்கற புரொசீஜரை நான் அழிச்சிட்டேன். நீங்க சொன்னதுதான் நிஜம்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு, அடிச்சிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன், இல்ல?"

"எந்திரிச்சிருப்பீங்க."

தலையை ஆட்டினார். பிறகு கம்பி வழியாக என் கையிலிருந்த செல்லைக் காட்டினார். "வீட்டுக்குப் போடு. அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஃபோன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அக்கா எடுத்துவிட்டாள்.