சூடு பட்ட சாமை

போர் முடிந்து ஊர் திரும்பிய சென்றாயன், பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைக் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வியாபாரி ஜாபர் உசேனிடம் மலிவாக வாங்கினான். மலைக்கு அப்போது ரோடு ஏது கண்ணுகளா? சக்கரம் வேறு, எஞ்சின் வேறாகக் கழற்றி, மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிவந்து, மேலே பெரக்கரை நாட்டில் மறுபடி பூட்டினார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; நாட்டுக்கு நாடு வண்டித்தடம் உண்டு. வழியில் புகைக்குழாய் நசுங்கிப்போனது. மண்ணெண்ணெய் டின்னைச் சுருட்டிக் கம்பியால் கட்டி வேறு குழாய் செய்தான். மிளகு ஏற்றுவதற்குப் பழைய கூடாரத் துணியில் இரண்டு பை தைத்து, சீட்டுக்கு இருபுறமும் தொங்கவிட்டான். வலப்பக்கத்துப் பை குழாயில் உரசியது. தள்ளிக் கட்ட இரும்புச் சட்டம் வேண்டும், அதற்கு வசதியில்லை. அப்படியே விட்டான்.

அவன் ஊரில் கைராசிக்காரி மாதம்மாள் முதல் பிடி விதைத்த பிறகுதான் மற்றவர்கள் விதைப்பார்கள். அவளுக்கு விதைச் சாமை, குண்டனி நாட்டிலிருக்கும் பிறந்த வீட்டிலிருந்து தலைச்சுமையாக வரவேண்டும். அந்த வருஷம் சுமந்துவரும் அவள் தம்பி காய்ச்சலில் படுத்துவிட்டான். மழையோ இறங்கிவிட்டது. சென்றாயன் தானாகப் போய் நின்றான்.

“தலையில வந்தா என்னங்க, வண்டியில வந்தா என்னங்க? நீங்க ஏரு பூட்டறதுக்குள்ள வாரேனுங்க அக்கா.”

“உன் வண்டி போடற சத்தத்துல சாமை பயந்து பொரிஞ்சிரப் போவுது சாமி” என்று அவள் சிரித்தாள்.

சொன்னபடி வந்துவிட்டான். பையை அவிழ்த்தால் கை சுட்டது. லேசாக வறுத்த வாசனை. சொன்னால் ஊரே சிரிக்கும், வண்டியில் மிளகு ஏற்ற ஒருவரும் தரமாட்டார்கள் என்று நினைத்தான். முறத்தில் கொட்டி ஆறவைத்து, பிறகு கொண்டுபோய்க் கொடுத்தான்.

மற்றவர்கள் காடெல்லாம் பச்சை பிடித்தது. மாதம்மாள் காடு மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. தீட்டோடு விதையைத் தொட்டிருப்பாள் என்று தங்களுக்குள் பேசினார்கள், அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். முதல் பிடியை வேறு கைக்கு மாற்ற ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார்.

அதற்கு முன்தினம் அவள் சென்றாயனிடம் வந்தாள். “வெதை வாங்கறப்ப நான் தலைக்கு முழுகித்தான் இருந்தேன். ஈரத்தலையை நீ பாத்தியே சாமி. கூட்டத்துல அத மட்டும் சொல்லீரு.”

தலையாட்டினான்.

கூட்டத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். எல்லோருக்கும் முன்னால் எஞ்சினை ஓடவிட்டு, பைக்குள் ஒரு பிடி சாமை போட்டான். எஞ்சின் சத்தத்தில் யார் பேச்சும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து நிறுத்திவிட்டு, பைக்குள் கை விடும்படி கவுண்டரைக் கேட்டான். அவர் விட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

“இதுல வந்த வெதைங்க அது. அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க.”

மாதம்மாள் அவனையே பார்த்தாள். “தெரிஞ்சுமா குடுத்த?”



முதல் பிடி அவளிடமே இருந்தது. அடுத்த ஆண்டு சென்றாயன் வண்டியைத் தொடாமல் குண்டனி நாட்டுக்கு நடந்துபோய், விதைக்கூடையைத் தலையில் சுமந்துவந்து அவள் முன் இறக்கினான். அவள் கூடைக்குள் கையை ஆழ விட்டாள். சாமை குளிர்ந்துதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகே எடுத்துக்கொண்டு போனாள்.