தலைப்பாகை நுழையாத கார்

என் தங்கை மகள் கனகேஸ்வரியின் திருமணத்தன்று மாப்பிள்ளையை அழைத்துவர என் ஹம்பர் கார் வரும் என்று நான் வாக்குக் கொடுத்தபோது, அந்தக் கார் என்னிடம்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புத்துரை பொய் சொன்னான் என்று பினாங்கில் எவரும் பேசிவிடக்கூடாது. வாக்குக் கொடுத்தது தை மாதம். காரை விற்றது மாசியில்.

துறைமுக அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வாங்கிய கார் அது. கறுப்பு நிறம், கப்பல் போன்ற உடம்பு, உள்ளே தோல் இருக்கை. எங்கள் யாழ்ப்பாணத்தார் கல்யாணங்களில் பெண் வீட்டார்தான் கார் அனுப்பி மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய், மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவருவான். இந்தத் தீவில் ஏறக்குறைய முப்பது வருடமாக எங்கள் மாப்பிள்ளைகள் எல்லாரும் என் ஹம்பரில்தான் வந்து இறங்கினார்கள். ஓட்டுவது நான். வெள்ளைக் கோட்டு, எந்தப் பக்கமும் திரும்பாத கழுத்து. "மாப்பிள்ளை ஆர் எண்டு சனத்துக்குக் குழப்பமாய் இருக்கும்" என்பாள் என் மனைவி சற்குணம்.

அந்தக் காரை ஓட்டியவை இரண்டு சக்திகள். ஒன்று பெட்ரோல், மற்றது உறவினர். நான் ஓய்வு பெற்ற பிறகு முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டினேன். தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ அவ்வளவு தூரம் கம்பீரமாக வருவேன். சரிவு முடிந்த இடத்தில் பின்னால் இருப்பவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதனால் காரில் யாரை ஏற்றுவது என்பதை அவரவர் தோள்பட்டையைப் பார்த்தே முடிவு செய்தேன். பெட்ரோல் முள் வேறு எப்போதும் பாதியிலேயே நிற்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் பாதி, காய்ந்திருந்தாலும் பாதி. நெடுநாள் பழகியவனுக்குத்தான் அதன் பசி தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு வர மறுத்துச் சற்குணம் திரிஷா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் கிளம்பினாள். நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தக் காரைக் கும்பிடலாம். ஏறிப் போகேலாது" என்றாள்.

அந்த மாதமே சூலியா தெருவில் கார் வாங்கி விற்கும் பஷீரிடம் ஹம்பரைக் கொடுத்துவிட்டு, புதிதாக வந்திருந்த கன்சில் என்னும் சிறிய கார் ஒன்றை வாங்கினேன். கன்சில் என்றால் மலாயில் சருகுமான். பெயர் வைத்தவருக்குக் கண் சரியாக இருந்திருக்கிறது. ஹம்பரில் நான் நடந்து ஏறியவன். இதைச் சட்டை மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒருமுறை பெட்ரோல் ஊற்றினால் அதை மறந்துவிடலாம். புகை குறைவு, சத்தம் குறைவு. என் அந்தஸ்தும் குறைவாகத் தெரிந்ததுதான் சிக்கல்.

எனவே அதைப் பக்கத்து வீட்டுக் காமாரியாவின் வாசலில் நிறுத்தினேன். ஓய்வு பெற்ற மலாய்க்காரத் தாதி அவள். தமிழர்களோடு வளர்ந்து எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். யாராவது கேட்டால் அவளுடைய கார் என்று சொல்லும்படி ஏற்பாடு. அவள் சொன்னாள், கொஞ்சம் கூடுதலாகவே. "என் கார்தான்லா. எனக்கு ஓட்டத் தெரியாது. அப்புத்துரை அண்ணன்தான் ஓட்டுறாரு." அடுத்த வாரம் கோயிலில் ஒருவர் என் தோளைத் தொட்டு, "உழைக்கிறதுல என்ன வெட்கம் ஐயா?" என்று ஆறுதல் சொன்னார்.

இதற்கிடையில் கோலாலம்பூரிலிருந்து சம்பந்தி ஏரம்பமூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவி வகித்தவர். சொன்ன சொல்லில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் பொறுக்கமாட்டார். "சம்பந்தி, மகன் ஹம்பர்ல வாறான் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கார் எப்படி இருக்குது?"

"பளபளவெண்டு இருக்குது" என்றேன். அது உண்மை. முதல் நாள்தான் பஷீரின் கடை வாசலில் பார்த்திருந்தேன்.

கனகேஸ்வரிக்குத் தகப்பன் இல்லை. அந்த இடத்தில் நிற்பவன் நான். 'சொன்ன வாக்கைக் காப்பாற்றாத வீட்டிலிருந்து வந்தவள்' என்ற பேச்சோடு அவள் புகுந்த வீட்டுக்குப் போனால், ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பேச்சு எழும். எப்படியும் அன்று ஹம்பர் வந்தாக வேண்டும்.

பஷீர் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் நேரே போய், "எனக்கு வாடகைக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தன் காரைத் தானே வாடகைக்குக் கேட்கும் மனிதன் எங்கள் வம்சத்தில் பிறந்ததில்லை. ஆகவே நான் அவன் கடைக்குப் போய், குடையை ஊன்றி நின்று, "வருகிற ஞாயிறு கல்யாணம். காரை நன்றாகக் கழுவி வை" என்றேன். அவன் தலையாட்டினான். இதற்குமேல் ஒரு கௌரவமான மனிதன் என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். கடை வாசல் காலியாக இருந்தது.

"கார் எங்கே பஷீர்?"

"சீனக் கல்யாணத்துக்குப் போயிருச்சே ஐயா."

"கழுவி வைக்கச் சொன்னேனே!"

"கழுவினேன்லா! கண்ணாடி மாதிரி கழுவினேன். அந்தச் சீனருக்கே ரொம்ப சந்தோஷம். நீங்க வேணும்னு கேக்கவே இல்லையே?"

"என் காரை நான் கேட்க வேண்டுமா?"

பஷீர் வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினான். "உங்க காரை ஏன் ஐயா கேக்கணும்? இது என் காரு. முள்ளு பாதியில நிக்குது, பெட்ரோல்கூட ஊத்தாம அனுப்பிட்டேன். மத்தியானம் வந்துரும். மத்தியானத்துக்கு வேணுமா?"

முகூர்த்தம் பத்து மணிக்கு. வேறொரு பெரிய வாடகைக் கார் பிடிக்கலாம் என்றான் தம்பு. அவன் கனகேஸ்வரியின் அண்ணன், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க உத்தியோகம், அன்றைய தோழன். நான் மறுத்தேன். மாப்பிள்ளையைச் சொந்தக் காரில் அழைப்பதுதான் முறை. கன்சில் சிறியது, ஆனால் சொந்தம். காமாரியாவின் வாசலிலிருந்து அதை எடுத்தேன். வெள்ளைக் கோட்டின் இரண்டு பொத்தான்களைக் கழற்றினால்தான் உட்கார முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பினாங்கு ரோட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். நாங்கள் போன நேரம் ஏரம்பமூர்த்தி அங்கே இல்லை. காத்திருந்து பொறுமை இழந்து, ஹம்பரைத் தேடி டாக்சியில் போய்விட்டார் என்றார்கள். கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

மாப்பிள்ளை வெளியே வந்தான். ஆறடிக்கு மேல் உயரம். அதற்கு மேலே பட்டுத் தலைப்பாகை, முழ உயரத்துக்கு. விளக்குக்கு முன்னால் தகப்பன் தன் கையால் கட்டியது. தாலி ஏறும்வரை அதைக் கழற்றக்கூடாது. இது எங்களில் எல்லாருக்கும் தெரியும். கார் செய்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

முதலில் தலையை நுழைத்துப் பார்த்தான். தலைப்பாகை கதவின் மேல் விளிம்பில் தட்டியது. காலை முதலில் விட்டுப் பார்த்தான். இடுப்புவரை போனான், மிச்சம் வெளியே நின்றது.

"மாமா, சீட்டைச் சாய்ச்சா என்ன?" என்று தம்பு பிடியை இழுத்தான். முன் இருக்கை படுக்கையானது. ரொட்டிக் கடைக்காரர் மாவை அடுப்புக்குள் தள்ளுவதுபோல் மாப்பிள்ளையைக் கால் முதலாக உள்ளே தள்ளினோம். அவன் மல்லாந்து கிடந்தான். தலைப்பாகை பின் இருக்கைவரை நீண்டது. தம்பு என் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து அதை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டான்.

"வசதியா மாப்பிள்ளை?" என்றேன்.

"கூரை நல்லாத் தெரியுது மாமா" என்றான். நல்ல பிள்ளை.

ஹோட்டல் காவலாளி மாப்பிள்ளையை நோயாளி என்று நினைத்து, ஓடிவந்து சாலையை மறித்து எங்களுக்கு வழிவிட்டான்.

பர்மா சாலையில் திரும்பியதும் நெரிசல். முன்னால் ஒரு கறுப்புக் கார் குறுக்கே நின்றது. மூக்கில் ரோஜாப் பூக்கள், ஒரு பொம்மை. அதன் முதுகைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஹம்பர். முள் பாதியைக் காட்டிக்கொண்டே பட்டினியில் விழுந்திருக்கிறது. பின்னால் நின்று நாலைந்து பேர் தள்ளினார்கள். அவர்களுக்கு நடுவில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, சம்பந்தி ஏரம்பமூர்த்தி.

இடது பக்கம் ஒரு சிறு இடைவெளி இருந்தது. கன்சில் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"மாமா, போங்க! அவர் பாக்கல!" என்றான் தம்பு.

"ஏன் நின்னுட்டீங்க? என்ன நடக்குது?" என்றான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை.

போயிருக்கலாம். வாக்குத் தவறியது பிறகு தெரிந்திருக்கும். ஆனால் என் வீட்டுக்குச் சம்பந்தியாக வருகிற மனிதர், என் கார் என்று நம்பி, யாரோ ஒருவருடைய கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அவரைத் தாண்டிப் போக என் கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை. இறங்கினேன்.

"சம்பந்தி!" என்று கத்தினார் அவர். "நல்ல வேளை வந்தீங்கள். உங்கட கார் நடுரோட்டுல படுத்திட்டுது. உள்ளுக்க ஆரோ சீனப் பொம்பிளை ஏறி இருக்கிறா. இறங்கச் சொன்னா இறங்குறா இல்லை!"

"அவ இறங்கமாட்டா சம்பந்தி. அவதான் மணப்பெண்."

"ஆருக்கு?"

"அது எனக்கும் தெரியாது. இந்தக் காரை மாசியிலேயே வித்துப்போட்டன்."

அவர் கையைக் காரிலிருந்து எடுக்கவில்லை. "அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆர்ட காரைத் தள்ளினேன்?"

அவர் பக்கத்தில் போய், எத்தனையோ பேரை நிற்கவைத்த அந்த இடத்தில் நானும் நின்று, கையை வைத்தேன். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அந்தக் காரைத் தள்ளியதில்லை. இவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருவரும் பெட்ரோல் நிலையம்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டோம். சீன மாப்பிள்ளை இறங்கி, எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, ஆளுக்கொரு பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்தான். கல்யாண வீட்டில் கொடுப்பதை மறுக்கக்கூடாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம்.

"என்ட மகன் எங்க?" என்றார் ஏரம்பமூர்த்தி.

கன்சிலைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நான் நிமிர்ந்து நின்று, வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"தலைப்பாகை கலையேல்ல" என்றார்.

பிறகு தம்புவை இறக்கி டாக்சியில் முன்னால் போகச் சொல்லிவிட்டு, தானே என் பின்னால் ஏறி, மகனின் தலைப்பாகையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் காரை எடுத்தேன்.

"சம்பந்தி" என்றார் மெதுவாக.

"சொல்லுங்கோ."

"ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுது?"

சொன்னேன்.

"ம்ம்" என்றார். அடுத்த சமிக்ஞை விளக்கில், அதைவிட மெதுவாக, "என்ட வொல்வோ குடிக்கிற பெட்ரோல் இருக்குதே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"தெரியும்" என்றேன்.

"அப்பா, அதனாலதானே நாம ரயில்ல வந்தோம்?" என்றான் கீழே கிடந்த மாப்பிள்ளை. நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தண்ணீர்மலை மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர்கள் சாலையைப் பார்த்தபடி ஹம்பருக்காகக் காத்திருந்தார்கள். கன்சிலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்திலிருந்து காமாரியாதான் கையை ஆட்டிக் கத்தினாள்.

"ஏய், என் கெரெத்தா, என் கார் வந்திருச்சு!"

சனம் முழுவதும் திரும்பியது. சற்குணம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கோயிலில் எனக்கு ஆறுதல் சொன்னவரும் நின்றார். நான் காரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, கோட்டின் பொத்தான்களைப் போட்டு, முதுகை நிமிர்த்தினேன்.

"காமாரியா, இது என் கார்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

பின் இருக்கையிலிருந்து இன்னொரு கனத்த குரல் வந்தது. "அவர்ட கார்தான். என்ட மகன் உள்ளுக்க இருக்கிறான். மேளத்தை அடிக்கச் சொல்லுங்கோ!"

மேளம் முழங்கியது. போட்டது போலவே மாப்பிள்ளையை வெளியே எடுக்கவும் வேண்டியிருந்தது. கால்கள்தான் முதலில் வந்தன. முன்னரே வந்து செம்போடு காத்திருந்த தம்பு, தோழன் செய்ய வேண்டிய முறைப்படி, அங்கேயே அவற்றைக் கழுவிவிட்டான். மற்ற கல்யாணங்களில் மாப்பிள்ளை இறங்கி, நின்று, செருப்பைக் கழற்றி முடிக்கவே வெகு நேரமாகும். இவ்வளவு வசதி ஹம்பரில் ஒருநாளும் இருந்ததில்லை.

காமாரியா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க கார்னா இனிமே உங்க வாசல்லயே நிறுத்துங்கலா. ஆனா திங்கக்கிழமை எனக்குக் காய்கறி வாங்கப் பாசார் போகணும். எட்டு மணிக்கு வந்திருங்க."