முப்பத்தொன்றாவது சோதனை

நான்கு நாளாக எசேத்தாவின் லேப்டாப் அவளோடு மல்லுக்கு நின்றது. ஒன்றை நிறுவினால் இன்னொன்று இல்லை என்றது. அதைக் கொண்டுவந்து போட்டால் பதிப்பு பழசு என்றது. சாமோவாத் தீவுக் கரையிலிருக்கும் ஃபங்காலேலேயில் இணையம் ஒழுங்காக வருவது மாமா வீட்டு ஈரப்பலா மரத்தடியில் மட்டும்தான். அங்கே போய் உட்கார்ந்து இறக்குவாள், வீட்டுக்கு வந்து பொருத்துவாள், திட்டுவாள், மறுபடியும் மரத்தடிக்குப் போவாள்.

கரையோர ஊர்களின் எச்சரிக்கைச் சைரன்களை இயக்கும் மென்பொருள் அது. ஃபிஜியிலும் டோங்காவிலும் நியூசிலாந்திலும் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் சம்பளமில்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்தது. ஊர்க் கோபுரத்தில் சைரன் ஊதியதும் சாமோவா மொழியில் ஒரு குரல் பேசவேண்டும். அந்தக் குரல் பாதி வாக்கியத்திலேயே நின்றுபோயிற்று. அதை நானே சரிசெய்கிறேன் என்று எசேத்தா அந்தக் குழுவுக்கு எழுதினாள். தலைநகர் ஆப்பியாவில் கணினி படித்துவிட்டு மாவட்டப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் அவள். குழுவில் மூத்தவரான ஹேமி, "முதலில் உன் கணினியில் எல்லாவற்றையும் நிறுவு. நாற்பத்தாறு சோதனைகளும் தேறினால் பிறகு கை வை" என்று பதில் போட்டிருந்தார்.

சோதனைகளுக்கென்றே ஒரு பொய்க் கோபுரம் உண்டு. கணினிக்குள்ளேயே இருந்துகொண்டு நிஜக் கோபுரம் மாதிரி நடிக்கும் ஒரு நிரல். அந்தப் பொய்க் கோபுரம்தான் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எசேத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஊர்த்தலைவரான லௌவாசி மாமா, குரல் ஒலிப்பதிவோடு கோபுரத்தின் அமைப்புக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கோப்பை வைத்தாவது மற்ற சோதனைகள் ஓடுகிறதா பார்ப்போம் என்று உள்ளே போட்டாள். ஓட்டினாள். திரையில் பச்சை வரிகள் மளமளவென்று ஏறின. ஒன்று, ஐந்து, பதினேழு. நான்கு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"அம்மா, ஓடுது!" என்று கத்தினாள்.

"எங்க ஓடுது?" என்றாள் வெளியே பாய் முடைந்துகொண்டிருந்த சலோமே.

முப்பதோடு வரிகள் நின்றன. அடுத்த நொடி கோபுரத்தில் சைரன் ஊதியது.

சலோமே எழுந்ததை எசேத்தா பார்த்தாள். மடியிலிருந்த ஓலைகள் சிதறின. பதினைந்து வருடத்துக்கு முன் சுனாமி அலை வந்த காலையில் எசேத்தாவுக்குப் பதினோரு வயது. அப்பா கார்ச் சாவியை எடுக்க உள்ளே போனார், வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் எடுக்கத் திரும்புவதில்லை. இருவரும் செருப்புகூடப் போடாமல் ஊருக்குப் பின்னாலிருந்த மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பாதை முழுக்க ஊர் ஓடியது. இடுப்பில் குழந்தைகள், கையில் கரண்டியோடு ஒருத்தி, வாலிபால் மைதானத்திலிருந்து பையன்கள். போதகரின் மனைவி மெலே ஏற்றத்தில் வேர் தடுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கியபோது மணிக்கட்டு தப்பான பக்கம் மடிந்திருந்தது.

"நிலம் ஆடவே இல்லையே!" என்றான் ஒருவன்.

"தூரத்துல ஆடியிருக்கும். வாயை மூடிட்டு ஏறு!"

பாதி ஏற்றத்தில் எசேத்தாவின் கால்கள் தாமாக நின்றன. முப்பதோடு நின்ற வரிகள் கண்முன் வந்தன. முப்பத்தொன்றாவது சோதனை என்ன?

மேட்டில் லௌவாசி மாமா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வானிலை அலுவலகத்துக்குப் போட்ட போன் கிடைக்கவில்லை. எசேத்தா அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மாமா, இது நான் பண்ணதா இருக்கும்."

"எது?"

"சைரன். நீங்க கொடுத்த கோப்ப என் லேப்டாப்ல போட்டு ஓட்டினேன். அதுல நம்ம கோபுரத்தோட நிஜ முகவரி இருக்கு. கோபுரத்தோட வைஃபை எங்க வீடு வரைக்கும் எட்டும்."

அவர் முகம் வெளுத்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நூத்துல தொண்ணூறு பங்கு."

"மிச்சம் பத்துப் பங்குக்கு நான் இந்த முந்நூறு பேரக் கீழ அனுப்பட்டுமா?"

"வேணாம். யாரையும் அனுப்பாதீங்க. நான் போறேன். போய் நிறுத்திட்டு, மரத்தடியில போன் போட்டுக் கேக்கறேன். ஒண்ணுமில்லைன்னா கோயில் சிலிண்டரத் தட்டறேன்."

கோயிலுக்கு மணி என்று மரத்தில் தொங்குவது பழைய கேஸ் சிலிண்டர்தான். மாமா அவளையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தட்டற சத்தம் கேக்காம ஒருத்தரையும் எறக்க மாட்டேன். ராத்திரி ஆனாலும் சரி."

சலோமே ஓடிவந்து மகளின் தோளை இறுக்கிக்கொண்டாள். "எங்கடி போற? பைத்தியமா? உங்கப்பனும் இப்படித்தான் தோ வந்துடறேன்னு போனான்!"

"அம்மா, விடு."

"விட மாட்டேன்."

மாமாதான் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஏறிய பாதையில் இறங்குவது அத்தனை கஷ்டம் என்று எசேத்தாவுக்கு அதுவரை தெரியாது. சைரன் காதைக் கிழித்தது. ஊர் திறந்துகிடந்தது. அடுப்பில் கொக்கோ பொங்கி வழிந்து புகைந்தது. ஒரு பன்றி அம்மாவின் பாய்மேல் நிதானமாக நடந்துபோயிற்று. வீட்டுக்குள் நுழையும் முன், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கடலைப் பார்த்துவிட்டாள்.

தண்ணீர் வெகுதூரம் போயிருந்தது. பவளப்பாறைகள் கறுப்பாகத் தலைநீட்டின.

ஓதம் வற்றும் நேரமா? கடல் உள்வாங்குகிறதா? தினம் இரண்டு தடவை வற்றி ஏறுவதை அவள் பார்க்கிற கடல். இன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றும் என்று கேட்டால் காலையில் சொல்லியிருப்பாள். இப்போது எதுவுமே நினைவில் இல்லை. அப்பா வாசலில் நின்று பார்த்ததும் இதையேதானோ? வாய்விட்டு அழுதுகொண்டே உள்ளே போனாள்.

லேப்டாப்பின் திரை பூட்டப்பட்டிருந்தது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை ஒரே விரலால், எழுத்தெழுத்தாக. திரை திறந்தது. முப்பத்தொன்றாவது சோதனை, "கோபுரம் ஒலிக்கிறது, ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்றது. பொய்க் கோபுரம் என்றால் உடனே ஒப்புதல் சொல்லியிருக்கும். நிஜக் கோபுரத்தில் அதற்கு ஒரு மனிதன் பொத்தானை அழுத்தவேண்டும். மனிதர்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள்.

சோதனையை நிறுத்தினாள். சைரன் நிற்கவில்லை.

மறுபடியும் நிறுத்தினாள். இங்கே ஓட எதுவுமே இல்லை என்றது திரை. வெளியே கோபுரம் ஊதிக்கொண்டே இருந்தது. அப்படியானால் அது நான் இல்லையா? நிஜமாகவே யாரோ எங்கிருந்தோ ஊதுகிறார்களா? எழுந்து வாசல்வரை ஓடினாள். பாறைகள் அப்படியே தெரிந்தன. திரும்பிவந்தாள். சோதனைக் கோப்பைத் திறந்து வரிவரியாகத் தேடினாள். ஊதச் சொல்லும் வரி, காத்திருக்கும் வரி, அதற்குக் கீழே நிறுத்தச் சொல்லும் வரி. காத்திருந்த இடத்திலேயே அவள் வெட்டிவிட்டதால் நிறுத்தச் சொல்லும் வரிக்கு வேலையே வரவில்லை. அதை மட்டும் எடுத்துத் தனியாக ஓட்டினாள்.

சைரன் நின்றது.

அந்த நிசப்தத்தில் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சைரன் இருந்தவரை கடலின் சத்தம் கேட்கவில்லை. இப்போது கேட்டது. போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். ஏழாவது தடவைதான் கிடைத்தது.

"எச்சரிக்கையா? நாங்க எதுவும் விடலையேம்மா," என்றது வானிலை அலுவலகத்துப் பெண்குரல் ஒன்று. "இது ஓதம் வத்தற நேரம். நீங்க எந்த ஊரு?"

எசேத்தா மரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கோயிலுக்குப் போய்ச் சிலிண்டரைத் தட்டினாள்.

மறுநாள் ஊர்ச்சபை கூடியது. அவளுக்கு இரண்டு பன்றி அபராதம், கோப்பைக் கொடுத்த மாமாவுக்கு ஒன்று. மெலேயின் கையில் மாவுக்கட்டு. நடந்ததை நடந்தபடியே எசேத்தா குழுவுக்கு எழுதினாள். ஹேமி திட்டவில்லை. "நிஜக் கோபுரத்தின்மேலும் சோதனை ஓடும்படி விட்டுவைத்தது எங்கள் தப்பு" என்று எழுதினார். நிஜ முகவரியைக் கண்டால் சோதனை ஓட மறுக்கும்படி இருவரும் சேர்ந்து ஒரு வாரத்தில் மாற்றினார்கள்.

அவள் பயந்தது பன்றிக்கோ வசைக்கோ இல்லை. சபை கலையும்போது தோமாசி கிழவர் சொன்னதற்கு.

"அடுத்த தடவை சைரன் கத்தினா, எசேத்தா லேப்டாப்ப மூடினாளான்னு கேட்டுட்டுத்தான் நான் எந்திரிப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். அன்றிலிருந்து எசேத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பு எத்தனை பேரைக் கரையில் உட்காரவைக்கும் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

பதினோராம் நாள் அவள் குழாயடியில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது நிலம் ஆடியது. வாளி தானாக நகர்ந்தது. ஆட்டம் அடங்கி ஒரு நிமிடத்தில் சைரன் ஊதியது.

ஊர் எழுந்து நின்றது, ஆனால் ஓடவில்லை. வாசல்களில் நின்றவர்கள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"எசேத்தா! இது நீயா?" என்று தோமாசி கூவினார்.

"நான் இல்ல! ஓடுங்க!"

யாராவது நம்புகிறார்களா என்று நின்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஈரத்துணியோடு, தலையில் நுரையோடு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். பின்னால் முதலில் ஒரு ஜோடிக் கால்கள் கேட்டன. பிறகு பல. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெலே அவளைத் தாண்டிப் போனாள்.

மேட்டில் மாமா எண்ணினார். கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்த தோமாசியோடு கணக்குச் சரியாயிற்று. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். அலை வரவில்லை. சோப்பு வழிந்து எசேத்தாவின் கண்கள் எரிந்தன. துடைக்கக்கூட அவற்றை மூடாமல் அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.