கடைசி வரிசைக்கு எந்தப் பட்டை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது தெளிவா, அது தெளிவா?" அதே கேள்வியை இன்று காலி அரங்கின் மேடையில் கிளாரினெட்டும் கையுமாக நின்றுகொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்துக் கேட்க வேண்டியதாயிற்று.

நகர இசைக்குழுவின் புதிய நிகழ்ச்சி, கிளாரினெட் தனியாக வாசிக்கும் ஒரு மெல்லிய பகுதியோடு தொடங்குகிறது. இத்தனை வருஷமும் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் மெட்டுக்கு முட்டுக்கொடுத்தவளுக்கு முதல்முறையாகக் கிடைத்த இடம். போன ஒத்திகையில், குழுவை நடத்தும் மாஸ்டர் கையிலிருந்த கோலைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார்: "முன்னாடி நிக்கிற எனக்கே பாதிதாம்மா வருது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் கடைசி வரிசைல போய் உக்காருவேன். அங்க வரலைன்னா புல்லாங்குழலுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அதனால்தான் ஞாயிறு மதியமே வந்துவிட்டாள். மூச்சில் குறையில்லை, ஊதினால் அதிர்ந்து ஒலி தருகிற நாணல் சீவலான ரீட்டும் நல்லது. மிச்சம் லிகேச்சர்தான். ரீட்டை ஊதுவாயோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற சின்னப் பட்டை. சட்டையின் கழுத்துப் பொத்தான் மாதிரி. சரியாக இருக்கும்வரை இருப்பதே தெரியாது, தப்பாகிப்போனால் தொண்டையைப் பிடித்துவிடும். அவளிடம் மூன்று இருந்தன. தோலில் செய்தது ஒன்று. நூலைப் பின்னிச் செய்தது ஒன்று. மூன்றாவது வாத்தியத்தோடு வந்த பழைய உலோகப் பட்டை, முலாம் உரிந்து, ஒரு திருகு கோணலாகிப்போனது. அவளுக்குப் பிடித்தது தோல். அதை மாட்டி ஊதினால் பல் வழியாக மண்டைக்குள் ஏறுகிற ஒலி, கம்பளிக்குள் கை விட்டதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். உலோகம் என்றால் காதோரம் கொசு.

கேட்டுச் சொல்லக் கணவரைக் கூப்பிட்டிருக்கலாம். உப்பில்லாவிட்டாலும் "நல்லாயிருக்கு", உப்புக் கரித்தாலும் "நல்லாயிருக்கு" என்கிற மனிதர். அவருடைய அக்கா அப்படியில்லை. ஆரம்பப் பள்ளி டீச்சர், நாக்கில் பிரம்பு. கல்யாணமாகி வந்த புதிதில் இவள் பெட்டியிலிருந்து கிளாரினெட்டை எடுத்ததுமே, "வீட்டுல ஏற்கனவே குக்கர் ஒண்ணு ஊதுது, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டவள். அந்த முள் இன்னும் உள்ளே இருந்தது. இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்ல வேறு ஆள் கிடையாது.

தோலை மாட்டி ஊதினாள். உருகிப்போகிற மாதிரி இருந்தது. "எப்படிக்கா?"

திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலை நிமிராமலே பதில் வந்தது. "பக்கத்து வீட்டுல யாரோ ஊதுறாங்க. சன்னலச் சாத்திட்டு."

நூல். "சன்னல் திறந்திருக்கு. திரை தொங்குது."

உலோகம். அவளுக்கே பல் கூசியது. நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். "இதுதான். இது என் பக்கத்துல வந்து உக்காந்துருச்சு."

இருப்பதிலேயே அசிங்கமானதைப் பொறுக்கியெடுத்துச் சொல்கிறாளே, வேண்டுமென்றேதானோ? மாஸ்டர் முன்னால் கொசு மாதிரி ஊதி அவமானப்படட்டும் என்றா? கடையில் இப்படிச் சந்தேகம் வந்தால் அவளிடம் ஒரு வித்தை உண்டு. கண்ணாடியை மாற்றுவதுபோல் கையை அசைத்துவிட்டு, அதே கண்ணாடியையே திரும்பப் போடுவாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்கள் "ஆங், இது தெளிவு" என்று மாட்டிக்கொள்வார்கள்.

முதுகைக் காட்டித் திரும்பினாள். திருகைத் தளர்த்தினாள், அதையே இறுக்கினாள், பெட்டியைத் திறந்து மூடும் சத்தமும் போட்டாள். திரும்பி, அதே உலோகப் பட்டையில் ஊதினாள். "இப்ப மாத்திட்டேன். இது?"

"மாத்தல."

"மாத்தினேன்கா."

"மாத்தலடி! போர்டுல எழுதிக்கிட்டே முதுகுக்குப் பின்னாடி எவன் முனகுறான்னு சொல்றவ நான். என்கிட்டயே உன் கடை வேலையக் காட்டுறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கமும் கூடவே. ஊதுவாயில் உதட்டை வைக்க முடியாமல் நின்றாள். காலி நாற்காலிகளுக்கு அப்பால் நாத்தனாரும் சிரிப்பது கேட்டது.

"குக்கர்னு நான் சொன்னது நெசந்தான்," என்றாள் நாத்தனார், குரலைச் சற்றே இறக்கி. "ஆனா குக்கர் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்மா. நீ இத்தனை வருஷமா உனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஊதிக்கிட்டிருக்க."

அவள் தோல் பட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள். ஊட்டி வளர்த்த பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் குழு முழுக்கக் கூடியது. சொன்னபடியே மாஸ்டர் படியிறங்கி, இருட்டில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் புல்லாங்குழல்காரர் குழலை உதட்டருகே பிடித்துத் தயாராக இருந்தார். அடுத்தது தன் முறை என்று அவருக்குத் தெரியும். "கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்," என்றார் அன்பாக. அந்த அன்புதான் சுட்டது.

ஊதினாள். கொசு வந்தது. மண்டைக்குள் பிசிறடித்தது, பல்லில் நமநமத்தது. கொஞ்சம் அழுத்தி மழுப்பலாமா என்று உதடு கெஞ்சியது. விடவில்லை. தான் கேட்பதை நம்பாமல், தன்னால் கேட்க முடியாத தூரத்தை நம்பி ஊதினாள். இரண்டாவது வரியில் வயலின்காரர்கள் பக்கம் காகிதம் புரட்டுவது நின்றது. நான்காவது வரியில் கடைக்கண்ணால் பார்த்தாள்: புல்லாங்குழல் மெல்ல மெல்ல இறங்கி அவர் மடியில் படுத்துவிட்டது. அவர் கண் மூடியிருந்தார்.

கடைசிச் சுரத்துக்கு வந்தாள். நாலு எண்ணிக்கை பிடித்து விட வேண்டியது. எண்ணி முடித்து விடப்போகும்போது, இருட்டின் கோடியில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை மேலே எழுந்தது. நிறுத்தாதே என்று விரித்த உள்ளங்கை. அவள் பிடித்துக்கொண்டாள். கை இறங்கவில்லை. அவளுக்கு இன்னும் மூச்சு இருந்தது.