கிணற்றுக்காரன்

வாரத்தில் ஒரு நாள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை. அன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் கொட்டாவியின் கடைக்குப் போவது கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். கொட்டாவி பழைய இசைத்தட்டு வியாபாரி. கல்லாவில் உட்கார்ந்ததிலிருந்து கடை சாத்தும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும், வருத்தமில்லை.

பேர் பெற்ற பாடகர்களெல்லாம் அங்கே கண்ணாடி அலமாரிக்குள் நிற்பார்கள். மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் 'கேட்பாரற்றவை' என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். சொந்தச் செலவில் நூறோ இருநூறோ பிரதி அடித்து, உறையைத் தாங்களே வெட்டி ஒட்டி, சிநேகிதர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பரணில் போட்டு மறந்தவர்களின் தட்டுகள் அதில் இருந்தன. வேலை முடிந்து வந்து சமையலறையில் கிடார் வாசித்துப் பதிவு செய்தவர்கள், ஒரே ஒரு தட்டோடு நின்றுபோன பாப் கோஷ்டிகள், நாட்டுப்பாடல் பாடிய அண்ணன் தங்கைகள். மெக்கானிக்கும் அவன் மனைவியும் அந்தப் பெட்டியில் மட்டும்தான் கைவைப்பார்கள். முன்பே கேள்விப்பட்ட பெயராக இருந்தால் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வாரத்துக்கு ஒன்று.

தேர்வு அவளுடையது, தீர்ப்பும் அவளுடையது. "எனக்கு மோட்டார் சத்தம்தான் சங்கீதம்" என்பான் அவன். வீட்டுக்கு வந்ததும் அவன் தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்குவான். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்பாள். "பின்னாடி கெட்டில் கொதிக்குது, கேட்டீங்களா?" என்பாள். அவன் எவ்வளவு காதைத் தீட்டினாலும் கெட்டில் அகப்படாது. "இவளும் கிடார் வாசிக்கிறவனும் பேசிக்கறதில்ல போல" என்று ஒருமுறை சொன்னாள். பிடித்தால் "இருக்கட்டும்." இல்லையென்றால் "பெட்டிக்கே போகட்டும்." இப்படிச் சேர்ந்த தட்டுகள் வீட்டில் ஒரு சுவரை அடைத்துவிட்டன. வெளியே அந்தப் பாடகர்களைப் பாராட்ட ஒரு நாதியில்லை. இங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது.

அவள் பெரிய ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் வேலை பார்த்தாள். விரிப்புகளைப் பிழியும் இயந்திரங்கள் விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். அங்கே பேச்செல்லாம் கைஜாடைதான். பஞ்சு அடைத்துக்கொள் என்று மேற்பார்வையாளர் சொல்வார். அடைத்துக்கொண்டால் அவர் கூப்பிடுவது கேட்கவில்லை என்று அவரே திட்டுவார். முதலில் அவளுக்குக் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு குக்கர் விசில். பிறகு, போனில் தங்கையின் பேச்சு பாதி பாதியாக வந்தது. காது டாக்டர் படம் போட்டுக் காட்டினார்: மேல் ஸ்தாயிதான் முதலில் போகும், அது கீழே இறங்கிக்கொண்டே வரும், நிறுத்த வழியில்லை. பத்து மாடிக் கட்டடத்தில் மேலிருந்து ஒவ்வொரு தளமாக விளக்கு அணைவதுபோல என்று மெக்கானிக் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டான். காதில் மாட்டும் கருவி வாங்கினார்கள். பேச்சுக்குத் தேவலை. பாட்டு மட்டும் அதன் வழியாகத் தகரத்தில் மழை விழுகிற மாதிரிதான் வந்தது.

அதன்பிறகு எந்தத் தட்டும் "இருக்கட்டும்" வாங்கவில்லை.

"என்ன இவங்க எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க?" என்பாள். பெண் பாடினால் ஒரு பாட்டு முடிவதற்குள் எழுந்துவிடுவாள். கடைசியில் கடைக்கு வருவதையும் நிறுத்தினாள். "நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்குத் தெரிஞ்சத எடுங்க." அவனுக்கு என்ன தெரியும்? கிளி ஜோசியக் கிளி சீட்டை எடுப்பதுபோலப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வருவான்.

அப்படி உருவியதுதான் அந்த வெள்ளை உறை. மேலே ஒரு காலி நாற்காலியின் புகைப்படம் ஒட்டியிருந்தது. பெயரில்லை, ஊரில்லை. நடுவிலிருந்த வட்டக் காகிதம்கூட வெறுமை. தட்டு பெரியது. சின்னத் தட்டென்றால் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டென்றால் முப்பத்து மூன்று என்பது அவன் வீட்டில் எழுதாத சட்டம். வேகக் குமிழை முப்பத்து மூன்றில் வைத்து ஊசியை இறக்கினான்.

ஆழமான ஓர் ஆண் குரல். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கீழேயிருந்து இறைத்துக் கொட்டுவதுபோலப் பாடினான். கடைசி பஸ் போய்விட்டது, நடந்தேதான் வருகிறேன், கதவைத் தாழ் போடாதே என்று ஒரு பாட்டு. அதன் முடிவில் அடக்க முடியாமல் ஒரு விம்மல்.

அவள் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் முழுக்க முடிந்தது. எழுந்திருக்கவில்லை.

"ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு" என்றாள். "இவன் கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டுப் பாடறான். திரும்பப் போடுங்க."

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டுமாவா? இவன் எங்கயும் போகக் கூடாது."

கிணற்றுக்காரன் என்று பெயர் வைத்தாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவனைத்தான் கேட்பாள். "யாரோ இவனக் கதவுக்கு வெளிய நிக்க வச்சிட்டாங்க. அந்த விம்மல் பொய்யில்ல, பாத்துக்குங்க" என்றாள். பழைய மாதிரியே பேசினாள். மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த விடுமுறையன்று, உறையோடு தட்டையும் தூக்கிக்கொண்டு கொட்டாவியிடம் ஓடினான்.

"இதே ஆள் வேற எதாவது பாடியிருக்கானா?"

கொட்டாவி தட்டைத் தன் பிளேயரில் வைத்தார். கொஞ்சம் கேட்டார். வந்த கொட்டாவி பாதியில் நின்றது. "எந்த வேகத்துல கேட்டீங்க?"

"முப்பத்து மூணு. பெரிய தட்டாச்சே."

"ஏன் சார், லிஃப்டு அரை நொடி லேட்டா வந்தாலே கால்ல தெரியும்னு பீத்திப்பீங்களே. இது எருமை மாதிரி நடக்குது, தெரியலையா? சொந்தமா அடிக்கறவங்க பெரிய தட்டுலயும் நாப்பத்தஞ்சு போடுவாங்க." குமிழைத் திருப்பினார்.

கிணற்றுக்காரன் காணாமல் போனான். இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண், துள்ளலாக, தாமதமாக வீடு திரும்பும் குஷியில் பாடினாள். தாழ் போடாதே என்பது கெஞ்சல் அல்ல. வீட்டில் யாரையோ சீண்டுவது. முடிவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நல்லா பாடறா" என்றார் கொட்டாவி. "யாருன்னு தெரியல."

மெக்கானிக் தட்டை எடுத்து உறைக்குள் போட்டான். பிறகு, "நாப்பத்தஞ்சுல பொம்பளைங்க பாடினது வேற இருக்கா?" என்று கேட்டான்.

அவள் காது விஷயம் தெரிந்த கொட்டாவிக்கே புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தார். இருவருமாகத் தேடினார்கள்.

வீட்டில் புதிய ஆண்கள் பாடத் தொடங்கினார்கள். தட்டு சின்னதா பெரியதா என்று அவள் பார்க்காதபடி முதுகைக் காட்டி நின்று வைப்பான். குமிழ் முப்பத்து மூன்றிலேயே இருக்கும். இரண்டு பேருக்கு "இருக்கட்டும்" கிடைத்தது. "இப்பல்லாம் ஆம்பிளைங்க மனசவிட்டுப் பாட ஆரம்பிச்சுட்டாங்க, பரவால்லயே. வீட்ல இருக்கறவரத் தவிர" என்றாள். அவன் சிரித்தான். சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாளில்லை. சொன்னால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்து, வாயை மூடிக்கொள்வான்.

ஒருநாள் மாலை அவள் தங்கை வந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை செய்பவள். வாய் சும்மா இருக்காது. மெக்கானிக் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் கிணற்றுக்காரன்.

"யாருக்கா இவன், மயக்க ஊசி போட்டுக்கிட்டுப் பாடறான்?" தங்கை பிளேயர் மேல் குனிவது சமையலறைக் கதவு வழியாகத் தெரிந்தது. "மாமா, உங்க மெஷின் மெதுவா சுத்துது."

"தொடாத" என்று கத்திக்கொண்டு அவன் வருவதற்குள் தங்கை குமிழைத் திருப்பிவிட்டாள். அந்தப் பெண்ணின் குரல் கூடமெங்கும் பளிச்சென்று பரவியது.

"ஏண்டி நிறுத்தின?" என்றாள் அக்கா.

"நிறுத்தலையே. பாடுதே."

அக்கா சுழலும் தட்டைப் பார்த்தாள். ஊசி அதன்மேல் இருப்பதைப் பார்த்தாள். கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"டொக்கு டொக்குன்னு தாளம் மட்டும் வருது. யாரு பாடறது?"

"சின்னப் பொண்ணுக்கா. நல்லா இருக்கு. சிரிச்சுக்கிட்டே பாடறா." சொல்லிவிட்டுத்தான் தங்கை இருவர் முகத்தையும் பார்த்தாள். "என்ன, நான் எதாவது தப்பா..."

அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

தங்கை டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவைச் சாத்திவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவளுக்கு உதடு தெரிய வேண்டுமே.

"எப்பலேருந்து தெரியும்?"

"கொட்டாவிகிட்ட கேக்கப் போன அன்னிக்கே."

"அப்ப மத்தவனுங்க?"

"எல்லாம் பொம்பளைங்கதான்."

"அடப்பாவமே. வீட்ல ஒரு ஆம்பிளகூடக் கிடையாதா?" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது பாதி வழியில் வேறொன்றாகிவிட்டது. அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை, தள்ளவும் இல்லை.

"அந்த விம்மலுக்கு நான் எத்தன தடவ அழுதிருக்கேன் தெரியுமா. அவ சிரிச்சிருக்கா."

"உனக்குக் கேக்குதேன்னுதான்..."

"கேட்டுச்சு. இல்லாத ஒருத்தன் குரல் கேட்டுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியாதா. ஆனா என் காது எது வரைக்கும் போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. நீங்களும் ஜோடிச்சுச் சொன்னா, நான் அப்புறம் யார நம்பறது?"

"இனிமே ஒளிக்க மாட்டேன்."

"மெதுவாவும் போடக் கூடாது. அவங்கவங்க பாடினபடி பாடட்டும்."

"யாருக்காகப் போடறது?"

"நீங்க கேளுங்க. இத்தன வருஷம் என்னை வேல வாங்கினீங்க இல்ல? உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இருக்கட்டுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

அவன் மாட்டேன் என்றான். அவள் விடவில்லை. அடுத்த விடுமுறையன்று அவளே அவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். லாண்டரிக்காரி போட்டால் மடிப்பு நிற்கும் என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டாள். அவன் கொட்டாவி கடையில் பெட்டிமுன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். முதல்முறையாக உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தான். இரண்டு சகோதரிகள் வயலினோடு பாடிய தட்டு ஒன்றைக் கொட்டாவி போட்டுக் காட்டினார். அதில் ஒருத்தி மூச்சை இழுக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. இப்படியொன்று தன் காதில் விழும் என்று அவன் நினைத்ததே இல்லை. வேறு எதையும் பார்க்காமல் அதை வாங்கினான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. அவன் தட்டைத் துடைத்தான், பின்பக்கத்தில் அச்சடித்திருந்த வேகத்தை இரண்டு முறை சரிபார்த்தான், ஊசியை இறக்கினான். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது தொடங்கியதும் வயலின் உச்சிக்கு ஏறிற்று. சகோதரிகள் அதன் மேலேயும் ஏறினார்கள். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"என்ன எடுத்துட்டு வந்தீங்க?" உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "போடலயா இன்னும்?"

அவன் எழுந்துபோய், அவள் பார்க்கும்படி வாசலில் நின்றான்.

"ஓடுது" என்றான்.

"ஓடுதா? எத்தனாவது பாட்டு?"

"மூணாவது ஆரம்பிக்குது."

அவள் கையைத் துடைத்தாள். குழாயை மூடினாள். தலையைச் சற்றே சாய்த்து, கூடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். பாட்டு பாதி போயிற்று. பிறகு குழாயைத் திறந்து, மிச்சமிருந்த பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள்.