பகிடிப் படம்

சிவகலா கரண்டியை அவருடைய உதட்டருகே கொண்டுபோனாள். குணசேகரம் வாயைத் திறக்கவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு வாய் குடியுங்கோ. நேர்ஸ் வந்து கேப்பா."

"வையும். பிறகு குடிக்கிறன்."

மூன்று நாளைக்கு முன், சுவிஸின் துன் நகரில் அவர் வேலை செய்யும் ஹொட்டேலின் குசினிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று டொக்டர் காலையில்தான் சொன்னார். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. சூப்பில் ஆடை படர்ந்தது.

நான்கு மாதமாக அவர் அவள் சமைத்த எதையும் சாப்பிடவில்லை. ஹொட்டேலிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வீட்டுக்கு வந்தார்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. எண்பத்தைந்து கார்த்திகையில் ஹொட்டேல் முதலாளி இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார். இங்கிலீஷ் பகிடிப் படம். லண்டனில் ஒரு பிரபுவின் மகள், வீட்டுக் குழாய் திருத்த வந்தவனைக் கட்டிக்கொள்கிறாள். மாமனார் வீட்டு விருந்தில், பரிமாற வந்த வேலைக்காரனைக் கண்டதும் அவன் எழும்பி நின்று "சேர்" என்கிறான். தியேட்டரே சிரித்தது. சிவகலாவும் சிரித்தாள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கடைசியில் அந்த இரண்டு பேரும் பிரிந்தார்கள். அதற்கும் ஆட்கள் சிரித்தார்கள்.

திரும்பி நடந்து வரும்போது குணசேகரம் கேட்டார். "வந்தவனுக்கு எழும்பி மரியாதை குடுத்ததிலை என்ன பகிடி?"

அவள் சிரிப்பு அடங்காமலே சொன்னாள். "நீங்களும் முதல்நாள் எங்கடை வீட்டுக்கு வந்து, அப்பாவின்ரை கிளாக்கருக்கு எழும்பி நிண்டனீங்கள்தானே. அம்மா கனகாலம் அதைச் சொல்லிச் சிரிச்சவ."

அவள் யாழ்ப்பாணத்தில் கோட்டு வழக்குப் பார்க்கும் ஒரு பிறக்கிராசியாரின் மகள். அவர் அந்த வீட்டுக் காரைத் திருத்த வந்தவர். வீட்டாருக்குத் தெரியாமல் கலியாணப் பதிவு எழுதிக்கொண்டார்கள்.

"நீரும் சிரிச்சனீரோ?"

அந்த ஒரு நிமிடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அறைக்கதவு திறந்தது. லோசானிலிருந்து முதல் ரயிலில் புறப்பட்ட அவளுடைய அண்ணன் சச்சிதானந்தன், ரை கட்டி, ஓவர்கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றார்.

"எப்பிடி இருக்கிறார்?" என்று அவளிடம் கேட்டார். கட்டிலைப் பார்க்கவில்லை.

"நித்திரை போலை."

"பிள்ளை, உன்ரை கடிதம் வந்த உடனை அறை ஒண்டு பாத்திட்டன். இவர் சுகமாகி வந்தாலும் நீ என்னோடை வாறதுதான். இதிலை இனிக் கதையில்லை."

"அண்ணை, மெல்ல."

குணசேகரம் கண்ணைத் திறந்தார். "எனக்குத் தெரியும்."

'இவரோடு இனி இருக்க ஏலாது' என்று எழுதிய அந்தக் கடிதம், அனுப்ப மனமில்லாமல் மூன்று நாள் மேசையில் கிடந்தது. ஒருநாள் காணவில்லை. அவர் கிழித்துவிட்டார் என்று நினைத்தாள். பிறகு அண்ணனிடமிருந்து போன் வந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவள் கேட்கத் துணியவில்லை.

"முத்திரை ஒட்டிப் போட்டது நான்தான்," என்றார். மூச்சு இழுத்தது. "எழுதினதை அனுப்பப் பயந்துகொண்டிருந்தீர்."

"அண்ணை நிக்கிறார். கதிரையைக் குடும்."

அவள் எழும்பினாள். சச்சிதானந்தன் கதிரையில் இருக்கவில்லை.

அவள் அண்ணனை வெளியே கூட்டிவந்தாள். "சாகக் கிடக்கிற மனுசனுக்கு முன்னாலையோ இதைக் கதைக்கிறது?"

"நான் இல்லாததைச் சொன்னனோ? நீ எழுதினதைத்தானே..."

நேர்ஸ் ஒருத்தி அவர்களைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். பின்னால் இன்னொருத்தி. கதவு சாத்தப்பட்டது. சிவகலா கதவில் கையை வைத்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டொக்டர் வெளியே வந்து அவளுடைய பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டபோதே அவளுக்கு விளங்கிவிட்டது.

உள்ளே அவர் வாய் இலேசாகத் திறந்திருந்தது. நேர்ஸ் சூப்புக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கீழே அலுவலகத்தில் ஒரு பெண் டைப்ரைட்டரில் மரணப் பதிவுப் படிவத்தைச் செருகினாள். பெயர், பிறந்த இடம். பிறகு தொழில்.

"குசினிக்குப் பொறுப்பாளர் எண்டு சொல்லு," என்றார் அண்ணன். "இந்தக் கடுதாசி ஊருக்கும் போகும்."

சிவகலா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். "கோப்பை கழுவுறவர். ஹொட்டேலிலை."

"சிவா!"

"நீங்கள் லோசானிலை என்ன வேலை அண்ணை?"

அவர் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர். ரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தபால் பெட்டியடியில் நிற்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மணிக்கு ஹொட்டேல் குசினியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானச் சமையல் முடிந்த இடைவேளையில், உடுப்பு மாற்றாமலே, பார்க்க வந்தவர்கள். ஒருத்தர் போர்த்துக்கல்காரர், மற்றவர் யூகோஸ்லாவியர். குணசேகரம் இவர்களைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. அவள் கேட்டதும் இல்லை. செய்தியைச் சொன்னாள். போர்த்துக்கல்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். மற்றவர் கையை நீட்டினார்.

நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் ஊறிய கை. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சவர்க்கார மணம் வந்தது.

சிவகலா அந்தக் கையை உடனே விடவில்லை.